வலம் பார்

ஜூன் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க? நேரத்துக்குச் சாப்பிடறீங்களா? இப்போ எந்த ஊர் ஓய்வறையில படுத்துட்டிருக்கீங்களோ தெரியாது. வீட்டு விலாசத்துக்கே போடறேன், கூட்ஸ் வண்டியை விட்டு இறங்கி வீட்டுப் பக்கம் வரும்போது படிங்க.

விடுதி பரவாயில்லை. மாணவர் படைப் பயிற்சிதான் பெண்டு நிமிர்த்துது. ஷூவுல நம்ம முகம் தெரியணும். என் போர்வை மடிப்பும் பக்கத்துக் கட்டில் மடிப்பும் ஒரே கோட்டுல இருக்கணும். முடி காதைத் தொடக் கூடாது. போன் கூடவே கூடாது. எல்லாத்துக்கும் மேல ஒரு சட்டம் இருக்கு: தப்பு பண்ணி மாட்டினா "என் தப்பு, மேடம்"னு மட்டும்தான் சொல்லணும். ஏன், எதுக்குன்னு வாயைத் திறக்கக் கூடாது. காரணம் சொல்ற பழக்கம் வந்துட்டா அப்புறம் தப்பு நிக்காதாம். எங்க பயிற்சி ஆசிரியை சொன்னது. அவங்களுக்கு நாங்க வெச்ச பேர் விசில் மேடம். தூங்கும்போதும் விசிலைக் கழட்ட மாட்டாங்கன்னு கேள்வி.

உங்க ஹாரன் கேட்டுச்சு அப்பா! மைதானத்துக்குப் பின்னாடிதான் தண்டவாளம்னு நீங்க சொன்னப்போ நான் நம்பலை. முதல்ல நீளமா ஒண்ணு, அப்புறம் குட்டையா ஒண்ணு. வா... லு. நெடில், குறில். அப்படியே என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. நாங்க அசையாம நேரா நிக்கற நேரம். எனக்குத் தலை தன்னால திரும்பிடுச்சு. ஒரு கரும்புள்ளி. போனாப் போகுது.

உங்கள் அன்பு மகள்,
வாலு


ஜூலை 2

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் மகள் உடல் நலத்துடன் இருக்கிறாள். ஒழுக்கம் குறித்துத்தான் இந்தக் கடிதம்.

படிப்பிலும் தூய்மையிலும் அவள்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அணியில் அசையாமல் நிற்க வேண்டிய நேரத்தில் தலையைத் திருப்புகிறாள். தினமும் இல்லை, சில நாட்களில் மட்டும். ஆறு கரும்புள்ளிகள் ஆகிவிட்டன. பத்தானால் படையிலிருந்து நீக்க வேண்டும் என்பது விதி. விடுதியில் இடம் படைக்குரியது என்பதால் அதுவும் போய்விடும்.

காரணம் கேட்டேன். "என் தப்பு, மேடம்" என்கிறாள். நாங்கள் சொல்லிக்கொடுத்த பதில்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த ஒரு முறை எனக்கு உண்மையிலேயே காரணம் தெரிந்தால் தேவலாம். தங்களுக்குத் தெரிந்தால் அவளிடம் பேசவும்.

இப்படிக்கு,
பயிற்சி ஆசிரியை


ஜூலை 9

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது. நான் சௌக்கியம். நீயும் சௌக்கியமா இருக்கணும்.

உங்க மேடம் கடிதம் வந்துச்சு. படிச்சதும் எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் இன்னொரு பக்கம். ஏன்டி, ஹாரன் அடிச்சாத் திரும்பிப் பாக்கறதுக்கு நீ என்ன தண்டவாளத்துல மேயற மாடா? மாடே சில நேரம் திரும்பாது.

விளையாட்டில்லை கண்ணு. அம்மா போனதுக்கப்புறம் உன்னைக் கீழ்வீட்டு மாமிகிட்ட விட்டுட்டு நான் வண்டி ஏறினது உனக்குத் தெரியும். மூணு நாள், நாலு நாள் அந்த மாமி முகத்தைப் பாத்துக்கிட்டு நீ உக்காந்திருந்தே. அந்த விடுதியில இடம் கிடைக்க நான் ஏறாத படி இல்லை. அது போச்சுன்னா உன்னை எங்கே வெச்சுக்குவேன்? இன்ஜின்லயா?

உனக்கு இடைஞ்சல்னா ஹாரனை நிறுத்திடறேன். ஒரு வரி எழுது போதும். இங்க ஓய்வறையில, என் தடத்துலயே வண்டி ஓட்டற மீசை மாமா குறட்டை விடறான், இதுக்கு நம்ம ஹாரனே மேல். அவனும் உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னான்.

உடம்பைப் பாத்துக்கோ.
அப்பா


ஜூலை 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்களுக்கும் மீசை மாமாவுக்கும் என் விசாரிப்பு.

நிறுத்தாதீங்க. நிறுத்தவே நிறுத்தாதீங்க. இங்க முழு நாளும் என்னைக் கூப்பிடறவங்க எல்லாரும் நம்பர் சொல்லித்தான் கூப்பிடறாங்க. வாலுன்னு கூப்பிட ஒரு ஆள் கிடையாது. பக்கத்துக் கட்டில்காரிக்கு வாரா வாரம் அவங்க அம்மா வருவாங்க, நான் அந்த நேரம் ஷூவுக்குப் பாலிஷ் போடுவேன். என் ஷூதான் இங்கேயே ரொம்பப் பளபளப்பு, ஏன்னு இப்போ தெரியுதா?

திரும்பாம நிக்கக் கத்துக்கறேன். ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். எதிர்ல இருக்கற கொடிக்கம்பத்தோட முனையையே பாத்துக்கிட்டு, காதை மட்டும் அனுப்பறது. காது திரும்பினா விசில் மேடத்துக்கு எப்படித் தெரியும்? நேத்து வண்டி போச்சு. நான் திரும்பலை. ஆனா கேட்டேன்.

வாலு


ஆகஸ்ட் 28

அன்பு மகளுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கே? சளி கிளி இல்லையே?

கடிதம் போட நாளாயிடுச்சு, கோவிச்சுக்காதே. வேலை ஜாஸ்தி. என்னை வேற தடத்துல போட்டுட்டாங்க. இனிமே உன் மைதானத்துப் பக்கம் என் வண்டி வராது. கொஞ்ச நாளைக்கு ஹாரனை எதிர்பாக்காதே. ஒரு வகையில நல்லதுதான், உனக்குப் புள்ளி விழாது.

எழுத்து கோணல்மாணலா இருக்கும், வண்டி ஆட்டத்துல எழுதறேன். பக்கத்து வீட்டுப் பூனை, அந்த ஒத்தைக் காது, தினமும் சாயங்காலம் வந்து நம்ம சமையலறை ஜன்னல்ல உக்காந்துக்குது. பால் ஊத்தலைன்னா ஒரு பார்வை பாக்குது பாரு, உங்க மேடம் தோத்துடுவாங்க.

நல்லாப் படி. சொன்ன பேச்சைக் கேளு.
அப்பா


செப்டம்பர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்க நலமா? புதுத் தடம் எப்படி இருக்கு? மலைப் பக்கமா, ஆத்துப் பக்கமா? நீங்க எழுதவே இல்லையே. எப்பவும் எந்தப் பாலம், எந்த சிக்னல்ல நிறுத்தினாங்கன்னு கதை கதையா எழுதுவீங்க.

ஒரு சேதி. எனக்கு இப்போ கரும்புள்ளியே விழறதில்லை. விசில் மேடம் எல்லார் முன்னாடியும் என்னைக் காட்டி "நிக்கறதுன்னா இப்படி நிக்கணும்"னு சொன்னாங்க. சொல்லிட்டு என்னை முன்வரிசையில வலதுகோடியில போட்டுட்டாங்க. வலதுகோடின்னா மொத்த அணிக்கும் ஆணி மாதிரி. என்னைப் பாத்துத்தான் மத்தவங்க கோடு சரி பண்ணிப்பாங்க. மேடையைத் தாண்டும்போது "வலம் பார்!"னு கட்டளை வரும். அப்போ எல்லாரும் டக்குன்னு மேடைப் பக்கம் தலையைத் திருப்பணும். வலதுகோடி மட்டும் திரும்பக் கூடாது. அவளும் திரும்பினா அணி கோணிப் போயிடும். அதனால நான் மட்டும் நேராப் பாத்து நடக்கணும்.

தலையைத் திருப்பித் திருப்பிப் பேர் வாங்கினவளுக்குத் திரும்பாத வேலை. சிரிங்க அப்பா. எனக்குச் சிரிப்பு வரலை. நான் திரும்பாம நிக்கறது ஒழுக்கத்துனால இல்லை. திரும்பறதுக்கு அங்க ஒண்ணும் இல்லை, அவ்வளவுதான்.

மாசக் கடைசியில லீவு விடறாங்க. வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தாத்தான் அனுப்புவாங்க. உங்களுக்கு நடுவுல ரெண்டு நாள் ஓய்வு வருமா? ரெண்டு நாள் போதும். சமையல் நான் பாத்துக்கறேன்.

வாலு


செப்டம்பர் 20

அன்பு மகளுக்கு,

நான் சுகம். உனக்கு வலதுகோடி கொடுத்தது கேட்டு ரொம்ப சந்தோஷம். இன்ஜின் ஷெட்ல எல்லார்கிட்டயும் சொன்னேன்.

லீவுக்குத் தோது இல்லைம்மா. தொடர்ந்து டியூட்டி. நீ அங்கேயே இரு. அதான் நல்லது. சாப்பாட்டுக்குக் குறை வெக்க மாட்டாங்கல்ல?

அப்பா


அக்டோபர் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமா இருப்பீங்கன்னு நினைச்சுக்கறேன்.

விடுதியில நான், சமையல்காரம்மா, வாட்ச்மேன். அவ்வளவுதான். நீளமான கூடம், ரெண்டு பக்கமும் வெறும் கட்டில், மெத்தையெல்லாம் சுருட்டி வெச்சிருக்காங்க. முதல் நாள் ஜாலியா இருந்துச்சு. எந்தக் கட்டில்ல வேணா படுக்கலாம்னு ஒவ்வொண்ணாப் படுத்துப் பாத்தேன். அப்புறம் என் கட்டிலுக்கே வந்துட்டேன்.

யாரும் பாக்க வர மாட்டாங்க, இருந்தாலும் காலையில போர்வையை மடிக்கறேன். கோடு சரியா இருக்கான்னு பாக்கப் பக்கத்துக் கட்டில்ல போர்வை இல்லை. சமையல்காரம்மா எனக்கு ஒருத்திக்காக அடுப்பு மூட்டறாங்க. சலிச்சுக்கலை பாவம். ஆனா நான் சாப்பிடும்போது எதிர்ல உக்காந்து பாத்துட்டே இருக்காங்க. "உனக்கு யாரும் இல்லையாம்மா"ன்னு கேட்டாங்க. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துடுச்சு. அப்பா இருக்காங்க, இன்ஜின் ஓட்டறாங்க, பெரிய வண்டின்னு சொன்னேன்.

உங்களையும் நினைச்சேன். நான் இல்லாத வீட்டுக்கு நீங்க எப்பவாவது வந்து கதவைத் திறப்பீங்கல்ல, அப்போ இப்படித்தான் இருக்குமோ என்னவோ.

வாலு


அக்டோபர் 25

அப்பாவுக்கு,

நான் நலம். நீங்க நலமா? இந்தத் தடவை சும்மா கேக்கலை. நிஜமாக் கேக்கறேன்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. கூட்ஸ் வண்டி போச்சு. ஹாரன் அடிச்சுச்சு. முதல்ல குட்டையா ஒண்ணு, அப்புறம் நீளமா ஒண்ணு. வ... லூ! நெடில் குறில் தெரியாத யாரோ ஒருத்தர் என் பேரைக் கொலை பண்ணிட்டுப் போறார். வியாழக்கிழமையும் வ... லூ. எனக்காகத்தான் அடிக்கறாங்கன்னு தெரியுது. நீங்க இல்லைன்னும் தெரியுது. நீங்க சொல்லி மீசை மாமா அடிக்கறாரா?

அப்போ நீங்க எங்கே?

அன்னைக்கு ராத்திரி உங்க கடிதத்தையெல்லாம் எடுத்துப் படிச்சேன். பூனை தினமும் சாயங்காலம் வருதுன்னு எழுதியிருக்கீங்க. தினமும் வீட்டுல இருக்கறவங்களுக்குத்தானே அது தெரியும்? வண்டி ஆட்டத்துல எழுதறேன்னு எழுதியிருக்கீங்க. ஓட்டற ஆள் பேனாவைத் தொடவே கூடாதுன்னு சொன்னது நீங்கதான். அந்த எழுத்தும் உங்க எழுத்து மாதிரி இல்லை. வரி மேல வரி ஏறிக் கிடக்கு.

உங்களுக்கு என்ன ஆச்சு? வீட்டுலயே இருந்தா என்னை ஏன் லீவுக்குக் கூப்பிடலை? எங்க படையிலதான் காரணம் சொல்லக் கூடாது. நீங்க படையில இல்லை. சொல்லுங்க.

நவம்பர் 15 அணிவகுப்பு. பெத்தவங்க எல்லாரும் வருவாங்க. நாற்காலியெல்லாம் வலது பக்கம், மேடைக்குப் பின்னாடி. வாங்க. நான் உங்க பக்கம் திரும்ப மாட்டேன், அதுக்குக் கோவிச்சுக்காதீங்க.

வாலு


நவம்பர் 17

அப்பாவுக்கு,

நலம்.

அணிவகுப்பு முடிஞ்சது. எங்க அணிக்கு முதல் பரிசு. "வலம் பார்"னு சொன்னதும் எல்லாரும் திரும்பினாங்க. நான் திரும்பலை. திரும்பியிருந்தாலும் பாக்க யாரு இருந்தாங்க?

முடிஞ்சதும் எல்லாரையும் அவங்கவங்க வீட்டு ஆளுங்க கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல நின்னேன், தேடறவங்களுக்குச் சுலபமா இருக்கட்டும்னு. நாற்காலியெல்லாம் அடுக்கி எடுத்துட்டுப் போற வரைக்கும் நின்னேன். விசில் மேடம் வந்து "சாப்பிடப் போ"ன்னு சொன்னாங்க. "என் தப்பு, மேடம்"னு சொல்லிட்டேன். என்ன தப்புன்னு அவங்களும் கேக்கலை.

பதில் போடணும்னு கட்டாயம் இல்லை.


நவம்பர் 21

என் வாலுவுக்கு,

நீ நல்லா இருக்கியான்னு கேக்கற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேக்கறேன்.

ஆகஸ்ட் மாசம் கண் பரிசோதனை. எனக்கு ஒரு கண்ணுல நடுவுல புகை மாதிரி ஒரு திட்டு, கொஞ்ச நாளாவே இருந்துச்சு. நான் பயப்படலை. வருஷா வருஷம் அதே எழுத்துப் பலகைதான், எனக்குத் தலைகீழ்ப் பாடம். கடகடன்னு ஒப்பிச்சேன். டாக்டர் பேனாவை மூடி வெச்சுட்டு என்னையே பாத்தார். இந்தத் தடவை பலகையை மாத்திட்டாங்களாம். அங்க இருக்கற எழுத்து வேற, நான் படிச்ச எழுத்து வேற. என்னைக் கையும் களவுமாப் பிடிச்சுட்டாங்க.

அன்னைக்கே இன்ஜினை விட்டு இறக்கிட்டாங்க. இப்போ ஷெட்ல ஒரு மேஜை, ஒரு போன். எந்த வண்டிக்கு எந்த ஆள்னு கூப்பிட்டுச் சொல்லணும். காலையில போய் சாயங்காலம் வந்துடறேன். ஆமா, தினமும் வீட்டுலதான் இருக்கேன். பூனை காட்டிக் கொடுத்துடுச்சு.

நீ அங்க காலிக் கூடத்துல ஒத்தையில சாப்பிட்டே. நான் இங்க காலி வீட்டுல ஒத்தையில சாப்பிட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டிருக்கலாம். பாழாப் போன வெக்கம். எங்கப்பா இன்ஜின் ஓட்டறார்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கே. மேஜைக்கு ஹாரன் கிடையாதேடி, நான் உன்னை எப்படிக் கூப்பிடுவேன்? அதான் மீசைகிட்டச் சொன்னேன். "நெடில், குறில்"னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அந்தக் கடன்காரன் ஸ்கூலுக்கு மழைக்குக்கூட ஒதுங்கினது இல்லை, எதைக் கண்டான்?

இன்னொண்ணு சொல்லணும். நவம்பர் 15 நான் வந்தேன்.

கடைசி வரிசையில உக்காந்தேன். நல்ல கண்ணும் தூரத்துல இப்போ சுமார்தான், முகமெல்லாம் கலங்கலாத் தெரியும். நீங்க நூறு பேர் வர்றீங்க. ஒரே தொப்பி, ஒரே சட்டை, ஒரே நடை. வலதுகோடின்னு எழுதியிருந்தே. எத்தனையோ அணி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோடி, எதுல நீன்னு எனக்கு என்ன தெரியும்? பக்கத்துல இருந்த அம்மா "உங்க பொண்ணு எது"ன்னு கேட்டாங்க. மானம் போயிடுமேன்னு குத்துமதிப்பா ஒண்ணைக் காட்டினேன். அது அவங்க பொண்ணாம்.

பெத்த பொண்ணை அடையாளம் தெரியாம உக்காந்திருக்கோமேன்னு என்னையே திட்டிக்கிட்டேன். முன்னாடி போன அணியில எல்லாம் வலதுகோடியில நின்ன பொண்ணுக்கும் பாக்கற ஆசை விடலை போல, கடைசி நேரத்துல கொஞ்சமாவது மேடைப் பக்கம் திரும்பிடுச்சு. அப்புறம் ஒரு அணி வந்துச்சு. "வலம் பார்!" எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் திரும்பலை. தூணு மாதிரி நேராப் போச்சு.

அதான் என் வாலுன்னு அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நீ மட்டும் திரும்பியிருந்தா உன்னைக் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்.

முடிஞ்சதும் உன்கிட்ட ஓடி வந்திருக்கணும். நீ கொடிக்கம்பத்துக்கிட்ட நின்னது எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் வந்திருப்பேனான்னு சத்தியம் பண்ண முடியலை. பாத்ததும் "நீங்க எங்கே"ன்னு கேப்பியேன்னு கோழை மாதிரி வண்டி ஏறிட்டேன். என் தப்பு, மேடம். காரணமும் சொல்லிட்டேன், அதுக்கும் சேத்து ரெண்டு கரும்புள்ளி போட்டுக்கோ.

டிசம்பர் ரெண்டாவது சனிக்கிழமை வர்றேன். ஒளிய மாட்டேன், வாசல்லயே நிக்கறேன். வருஷக் கடைசி லீவுக்கு நீ நம்ம வீட்டுக்கு வா. ஒத்தைக் காது பாலுக்கு உன்னைத்தான் நம்பியிருக்கு.

அப்பா


நவம்பர் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நிஜமாவே.

உங்க கடிதத்தை விசில் மேடத்துகிட்டக் காட்டினேன். ஹாரன் விஷயமும் சொன்னேன், ஆரம்பத்துலேருந்து. சட்டம் உடைஞ்சா உடையட்டும்னு எல்லாக் காரணத்தையும் கொட்டிட்டேன். அவங்க கழுத்துல இருந்த விசிலையே திருகிக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், லீவுத் தாளைக் கொண்டுவா, கையெழுத்துப் போடறேன்னாங்க.

கோவம் இன்னும் இருக்கு. லீவு முழுக்க சண்டை போடுவேன், தயாரா இருங்க. மீசை மாமாகிட்டச் சொல்லிடுங்க, நெடில்தான் முதல்ல. இனிமேலும் அடிக்கச் சொல்லுங்க, ஆனா சரியா அடிக்கச் சொல்லுங்க.

அவ்வளவு பெரிய கடிதத்துல ஒண்ணை மட்டும் விட்டுட்டீங்க. திட்டு இருக்கறது எந்தக் கண்ணுன்னு எழுதவே இல்லை. சனிக்கிழமைக்கு முன்னாடி ஒரு வரி எழுதிப் போடுங்க. நீங்க வாசல்ல நேரா நில்லுங்க, திரும்பித் தேட வேண்டாம். நல்ல கண்ணு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கமா நான் வந்து நிக்கறேன்.

வாலு